நோயில்லாப் பண்ணையில் நான் பேசிய பேச்சு

நாகர்கோவில்காரிக்குச் சேலம் ஒரு வெளிநாடு. மீன் இல்லை, நினைத்தபோது பெய்கிற மழை இல்லை, காலை எட்டு மணிக்கே வெயில் ஆளைத் தேடி வருகிறது. மரியாதை மட்டும் தேவைக்கு மேலேயே இருக்கிறது. பேருந்து நிலையத்தில் என் காலை மிதித்தவர்கூட “மிதிச்சுப்போட்டனுங்க” என்று ‘ங்க’ போட்டுத்தான் சொன்னார். மிதித்த காலைத்தான் எடுத்தபாடில்லை.

நான் எய்ட்ஸ் விழிப்புணர்வுப் புத்தகங்கள் எழுதுகிறவள். புத்தகம் என்றதும் பெரிதாக எண்ண வேண்டாம். பதினாறு பக்கம், நடுவில் இரண்டு பின். இருபது வருஷமாக இதுதான் பிழைப்பு. அதை அச்சிடுகிற தொண்டு நிறுவனம்தான் என்னை அனுப்பியது. சேலம், நாமக்கல் பக்கம் நான்கு நாள் சுற்றி, மக்களிடம் விழிப்புணர்வு எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து எழுதித் தர வேண்டுமாம். அதென்ன, காய்ச்சலா, கையைத் தொட்டுப் பார்த்துச் சொல்ல? கேட்டால் பதில் வராது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

முதல் நாள் ஃபேர்லேண்ட்ஸில் இருந்த அவர்களுடைய அலுவலகத்தில் கழிந்தது. ஒருங்கிணைப்பாளர் மணிகண்டன் ஆத்தூர்க்காரர். அவர் பேச்சில் ‘ங்க’ குறைவு, ‘மேடம்’ அதிகம். குளிரூட்டிய அறையில் உட்கார வைத்து, கிரீம் பிஸ்கட்டைத் தட்டில் அடுக்கி, சுவரில் படம் காட்டினார். பேரணி, பேரணிக்குத் தொப்பி, தொப்பிக்கு மேல் வெயில், வெயிலில் பள்ளிக்கூடப் பிள்ளைகள். அப்புறம் கோலப்போட்டி. முதல் பரிசு வாங்கிய கோலத்தில் ஒரு மண்டை ஓடு. அதன் இரண்டு கண்ணிலும் செம்பருத்திப் பூ.

“இந்தக் கோலத்தைப் பார்த்துவிட்டு யாராவது பரிசோதனைக்கு வந்தார்களா?” என்று கேட்டேன்.

“அது வேற செக்‌ஷன் மேடம்” என்றார்.

கடைசியாக ஓர் அழைப்பிதழை நீட்டினார். நான்காம் நாள், நாமக்கல் பக்கத்தில் ஒரு முட்டைப் பண்ணையில் விழா. காலையில் தொழிலாளர்கள் எல்லோருக்கும் ரத்தப் பரிசோதனை. அது முடிந்ததும் ‘எச்.ஐ.வி. இல்லாத பண்ணை’ என்று எழுதிய பலகையைத் திறந்து வைப்பார் சிறப்பு விருந்தினர். சிறப்பு விருந்தினர் யார் என்று பார்த்தால் நான். பத்து வருஷத்துக்கு முந்தைய என் போட்டோ, கன்னத்துக்கு ரோஸ் நிறம் ஏற்றிச் சிரித்துக்கொண்டிருந்தது.

வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

“இந்தியாவுலயே இதுதான் ஃபர்ஸ்ட் மேடம். பண்ணை முதலாளியோட ஐடியா. முழுச் செலவும் அவர்தான்.”

“யாருக்காவது இருந்துவிட்டால்?”

“இருக்காது மேடம். எல்லாம் நல்ல குடும்பத்து ஆளுங்க.”

விழிப்புணர்வை விற்கிற கடையிலேயே சரக்கு இப்படி இருந்தது. அந்த அழைப்பிதழை அங்கேயே கிழித்திருக்க வேண்டும். கிழிக்கவில்லை. வெளியே வந்து ஒரு தள்ளுவண்டியில் தட்டுவடை செட் தின்றேன். இரண்டு தட்டுவடைக்கு நடுவில் துருவிய பீட்ரூட்டும் வெங்காயமும், காரமாக ஒரு சட்னியும் பச்சையாக ஒரு சட்னியும். எங்கள் ஊரில் இப்படி ஒன்று கிடையாது. இந்த நான்கு நாளில் குறை சொல்ல முடியாமல் இருந்தது அது ஒன்றுதான்.

இரண்டாம் நாள் பனமரத்துப்பட்டிக்கு வேனில் கூட்டிப்போனார்கள். ஏரி கண்ணுக்கெட்டியவரை கிடந்தது. தண்ணீர் எங்கே என்று கேட்டதற்கு மணிகண்டன் கையைத் தூரத்தில் எங்கோ நீட்டினார். ஊருக்குள் வீதி நாடகம். கதாநாயகன் லாரி டிரைவர். முதல் காட்சியில் லாரியை ஓரங்கட்டுகிறான். இரண்டாம் காட்சியில் இருமுகிறான். மூன்றாம் காட்சியில் கரும் பெயின்ட் பூசிய யமன் வந்து கயிற்றைப் போடுகிறான். மொத்தமே பதினைந்து நிமிஷம். இதற்கு மாத்திரை வந்துவிட்டது, ஒழுங்காகச் சாப்பிடுகிறவர்கள் நன்றாக வாழ்ந்து பேரன் பேத்தி எடுக்கிறார்கள் என்கிற செய்தி யமனுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை.

என் பக்கத்தில் நின்ற ஓர் அம்மாள் முந்தானையை உதறிச் செருகினாள். “எங்கூட்டுக்காரரும் லாரிதானுங்க ஓட்டறாரு. இவியளுக்கு வேற பொழப்புக்காரனே கண்ணுல படமாட்டானுங்களா?” என்று பொதுவாகக் கேட்டுவிட்டுக் கிளம்பிப் போனாள்.

நாடகம் முடிந்து டீ குடித்துக்கொண்டிருந்த யமனிடம், மாத்திரையைப் பற்றி ஏன் ஒரு வார்த்தை இல்லை என்று கேட்டேன். “மாத்திரையைச் சொன்னா சாவு இல்லீங்களே மேடம். சாவு இல்லீன்னா சனம் நிக்காதுங்க” என்றான். அவனாவது உண்மையைச் சொன்னான்.

மூன்றாம் நாள் வேன் ஃபிளெக்ஸ் பேனர் ஏற்றப் போய்விட்டது. எனக்கு நாமக்கல்லில் அறை போட்டிருப்பதாகவும், பஸ் நிமிஷத்துக்கு ஒன்று இருப்பதாகவும் மணிகண்டன் சொன்னார். சிறப்பு விருந்தினரைவிட ஃபிளெக்ஸ் முக்கியம். அதிலும் என் முகம்தானே இருக்கிறது என்று சமாதானம் செய்துகொண்டு ஏறினேன். எங்கள் மலையோரப் பஸ்களில் டிரைவர் பாட்டுப் போட்டாலும் பக்கத்து சீட்டுக்காரர் பேசுவது கேட்கும். இங்கே பேச்சுக்கு வழியே இல்லை. காது அடைத்த நிலையில் பாதி வழி வந்தபோது, பாட்டையும் மீறி ஒரு சத்தம். பின்சக்கரம் வெடித்துவிட்டது.

மாற்றுச் சக்கரத்தை இறக்கிப் பார்த்தார்கள். அது வெடித்ததைவிட வழுக்கையாக இருந்தது. “இன்னொரு வண்டி வருதுங்க, அஞ்சு நிமிசமுங்க” என்றார் கண்டக்டர். அந்த ஐந்து நிமிஷம் ஒன்றரை மணி நேரம் நீடித்தது. எதிரே ஒரு டீக்கடை. எல்லோரும் இறங்கினோம்.

எனக்கு முன்னால் இறங்கிய பெண்ணுக்கு நாற்பது வயது இருக்கும். கையில் ஒயர் கூடை. அவள் படியிலிருந்து காலை ஊன்றியபோது கூடைக்குள் கலகலவென்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். பிளாஸ்டிக் பாட்டிலில் ஒரு மாதத்துக்கான மாத்திரை. கடைக்குப் பின்புறம் ஒரு பெஞ்சில் நாங்கள் இருவர் மட்டும் உட்கார்ந்தோம். கூடையின் மேல்துணி விலகியிருந்தது. பாட்டில் தெரிந்தது. லேபிளை நகத்தால் சுரண்டி எடுத்திருந்தாள்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. “உள்ளே கொஞ்சம் பஞ்சு வைத்து அடைத்துவிடுங்கள். சத்தம் வராது” என்றேன், மெதுவாக.

அவள் முகத்தில் ரத்தம் வற்றிவிட்டது. கூடையை எடுத்து மடியில் வைத்து இரண்டு கையாலும் மூடினாள். பயப்பட வேண்டியதில்லை என்று காட்டுவதற்காக என் கைப்பையிலிருந்த அழைப்பிதழை எடுத்துக் கொடுத்தேன். போட்டோவையும் என்னையும் இரண்டு முறை மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

“நாளைக்கு எங்க பண்ணைக்கு வர்றது நீங்கதானுங்களா?”

இப்போது என் முகம் என்ன ஆனது என்று அவளைத்தான் கேட்க வேண்டும்.

அந்தப் பண்ணையின் முட்டை அறையில் ஒன்பது வருஷமாக வேலை செய்கிறாள். விரிசல் விட்டது, அழுக்கானது, சிறுத்தது என்று முட்டைகளைத் தரம் பிரித்து அட்டையில் அடுக்குகிற வேலை. கணவன் இறந்து ஆறு வருஷம். அவர் போன பிறகுதான் இவளுக்கும் இருப்பது தெரிந்திருக்கிறது.

“லாரி ஓட்டினாரா?” என்று கேட்டேன். எவ்வளவு பெரிய விழிப்புணர்வுக்காரி நான்! முந்தின நாள் யமனைக் கேலி செய்த வாய்தான் இது.

“இல்லீங்க. ஜவுளிக்கடைல பில்லுப் போட்டுட்டு இருந்தாருங்க. அவருக்கு சைக்கிளே சரியா ஓட்ட வராதுங்க” என்றாள். இதைச் சொல்லும்போது மட்டும் கொஞ்சம் சிரித்தாள்.

நாமக்கல்லிலேயே மாத்திரை கிடைக்கும். அங்கே வரிசையில் நின்றால் தெரிந்தவர்கள் பார்ப்பார்கள். அதனால் மாதம் ஒருநாள் லீவு போட்டு, தங்கச்சி வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுச் சேலம் வருகிறாள். மாத்திரை ஒருநாள்கூடத் தவறியதில்லை. உடம்பில் கிருமி எண்ணிக்கையில் அகப்படாத அளவுக்கு அடங்கியிருப்பதாக டாக்டர் சொல்லியிருக்கிறார். மகள் பன்னிரண்டாம் வகுப்பு.

“என்ற புள்ளைக்குக்கூடத் தெரியாதுங்க. நாளைக்கு டெஸ்ட்டுக்கு நிக்கலீன்னா, ஏன் நிக்கலீன்னு கேப்பாங்க. நின்னா தெரிஞ்சு போயிருமுங்க. ஒரு வாரமா இதேதானுங்க ஓசனை.”

“நீங்கள் பேசாமல் வேலைக்கு வாருங்கள். டெஸ்ட் நடக்காது. நான் பார்த்துக்கொள்கிறேன்.”

“ஏனுங்க, என்னையத் தெரிஞ்ச மாதிரி மட்டும் காட்டிக்காதீங்க.”

“சத்தியமாக” என்றேன். மாற்று வண்டி வந்தபோது அவள் என்னைத் தாண்டிப் போய்க் கடைசி சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். அவளுக்கு அந்த எச்சரிக்கை இருந்தது.

நான்காம் நாள் காலை பண்ணை வாசலில் வேன் நின்றது. உள்ளே போகிற வண்டியின் சக்கரத்தை மருந்துத் தண்ணீரால் பீய்ச்சிக் கழுவினார்கள். எங்களைச் செருப்பைக் கழற்றச் சொல்லி, ஊதா நிறத் தண்ணீர் நிரம்பிய தொட்டியில் நிற்கவைத்தார்கள். கோழிக்கு வெளியிலிருந்து கிருமி வந்துவிடக் கூடாதாம். மணிகண்டன் பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு, கையில் சால்வையோடு நின்ற கோலத்தைப் பார்க்க எனக்குப் பரம திருப்தி.

முதலாளி அறுபது வயதுக்காரர், வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. “வாங்கம்மிணி, வாங்க. மொதல்ல சாப்புடுங்க” என்று அலுவலகத்துக்குள் கூட்டிப்போனார். அவித்த முட்டை, முட்டைப் பணியாரம், முட்டைக் குழம்பு. தண்ணீரில் மட்டும்தான் முட்டை இல்லை. சுவரில் சட்டம் போட்ட ஒரு சான்றிதழ் தொங்கியது. அந்தப் பண்ணைக் கோழிகளுக்கு இன்னின்ன நோய் இல்லை என்று சொல்வது. அது இருந்தால்தான் முட்டை கப்பலேறும். அதற்குப் பக்கத்தில் இன்னொரு ஆணி, புதிதாக அடித்து, காலியாக இருந்தது.

“இது எதற்கு?” என்றேன்.

“நம்ம ஆளுகளுக்குங்க. கோழிக்குச் சர்ட்டிபிகேட் இருக்குது, ஆளுகளுக்கு இல்லீன்னா நல்லாவா இருக்குமுங்க?”

இந்த மனிதருக்குக் கிருமியைப் பற்றிச் சொல்லித்தர யாரும் வேண்டாம். எந்தக் கிருமி காற்றில் வரும், எது எச்சத்தில் வரும், எந்தத் தடுப்பு மருந்தை எந்தக் குளிரில் வைக்க வேண்டும் என்று மூச்சுவிடாமல் சொன்னார். எச்.ஐ.வி. தொட்டால் வராது, முட்டையில் வராது என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. எல்லாம் தெரிந்தும் மனிதர்களுக்கு ஒரு மந்தைச் சான்றிதழ் வேண்டியிருந்தது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இவருடையது கோழிச் சுரைக்காய்.

“ஒருவருக்கு இருந்துவிட்டால் என்ன செய்வீர்கள்?”

“தொரத்தமாட்டமுங்க. அந்தப் பாவம் நமக்கு வேண்டாமுங்க. தனியா ஒரு ஷெட்டுல வேலை குடுத்துருவம்.”

நான் சண்டைக்குத் தயாராக வந்திருந்தேன். வேலைக்காரர்களைக் கட்டாயப்படுத்திப் பரிசோதிப்பது சட்டப்படி குற்றம், முடிவை வெளியே சொல்வது அதைவிடக் குற்றம், பலகை மாட்டினால் அதுவே சாட்சி என்று அடுக்கினேன். இன்னும் அரை மணி நேரத்துக்குச் சரக்கு வைத்திருந்தேன்.

“குத்தம்னா வேண்டாமுங்க” என்றார் முதலாளி. “இத இந்தத் தம்பி மொதல்லயே சொல்லியிருந்தா, நான் வெறும் சாப்பாட்டோட நிறுத்தியிருப்பனே.” மணிகண்டன் பணியாரத்தை மென்றுகொண்டே தரையைப் பார்த்தார்.

ஐந்தே நிமிஷம். ரத்தம் எடுக்க வந்தவர்களைச் சாப்பிட வைத்து அனுப்பிவிட்டார்கள். பலகையில் ‘எச்.ஐ.வி. இல்லாத’ என்ற இடத்தில் வெள்ளைத் தாள் ஒட்டி, ‘எச்.ஐ.வி. விழிப்புணர்வு பெற்ற’ என்று எழுதினார்கள். நான் ஜெயித்துவிட்டேன். ஆனால் சண்டைக்கென்று கட்டிக்கொண்டு வந்த வார்த்தைகள் அத்தனையும் மிச்சமாகிவிட்டன. அவற்றை எங்கேயாவது கொட்ட வேண்டும். மேடை தயாராக இருந்தது.

ஷெட்டுகளுக்கு நடுவில் பந்தல். முட்டை அறைப் பெண்கள் முப்பது பேர் முன்வரிசைகளில். மூன்றாவது வரிசையில் அவள். நான் சத்தியத்தை மறக்கவில்லை. அவள் பக்கம் திரும்பவே இல்லை.

நன்றாகப் பேசினேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் நன்றாகத்தான் பேசினேன். மண்டை ஓட்டுக் கோலத்தைச் சொன்னேன், சிரித்தார்கள். யமன் டீ குடித்ததைச் சொன்னேன், ஒருத்தி தோளில் ஒருத்தி சாய்ந்து சிரித்தார்கள். சிரிக்க வைத்தாயிற்று, இனி உருக வைக்க வேண்டும். இருபது வருஷப் பழக்கம். உருக வைக்க ஒரு கதை வேண்டும், அது கையிலேயே இருந்தது.

“நேற்றுச் சேலத்திலிருந்து வரும் பஸ்ஸில் ஒரு பெண்ணைச் சந்தித்தேன். பெயர் சொல்லமாட்டேன், ஊர் சொல்லமாட்டேன். அவளுக்கு எச்.ஐ.வி. இருக்கிறது. மாத்திரை வாங்கிக்கொண்டு வருகிறாள். அவள் கணவர் லாரி ஓட்டியவர் இல்லை, ஜவுளிக்கடையில் பில் போட்டவர். உங்களைப்போலவே உழைக்கிறாள். மகளைப் பன்னிரண்டாவது படிக்க வைக்கிறாள். அவளைப் பார்த்தால் உங்களால் கண்டுபிடிக்க முடியுமா?”

கண்டுபிடித்துவிட்டார்கள்.

முப்பது பேர் வேலை செய்கிற அறையில் நேற்று ஒருத்திதான் லீவு. முதலில் அவளுக்கு இடப்பக்கம் இருந்தவள் திரும்பினாள். பிறகு முன்வரிசையில் இரண்டு பேர். தலைகள் திரும்புவதை மேடையிலிருந்து பார்த்துக்கொண்டே நின்றேன். என் வாயில் அடுத்த வாக்கியம் பாதியில் இருந்தது. அதையும் சொல்லி முடித்தேன். கைதட்டினார்கள்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பது பழமொழி. நுணலாவது தானே கெட்டது. நான் என் வாயால் இன்னொருத்தியைக் கெடுத்தேன்.

சாப்பாட்டு நேரத்தில் முட்டை அறை மேஸ்திரி அக்கா அவளிடம் போனாள். கோபமாகப் போகவில்லை. தோளைத் தொட்டுத்தான் பேசினாள். “நீ இன்னிக்கி முட்டை ரூமுக்கு வராண்டாஞ் சாமி. ஊட்டுக்குப் போ. மொதலாளி சொல்லி அனுப்பறமின்னாரு.” அன்பாகச் சொன்ன அந்தச் சொல்லைக் கேட்டபிறகு என்னால் இலையில் கை வைக்க முடியவில்லை.

முதலாளியிடம் ஓடினேன். சட்டம் என்று ஆரம்பித்தேன். அவர் என்னைப் பாவமாகப் பார்த்தார். “நாங்க டெஸ்ட்டே எடுக்கலீங்களே அம்மிணி. நீங்கதானுங்க சொன்னீங்க” என்றார். அதில் குத்தல்கூட இல்லை. இருந்திருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன்.

வாசலில் ஊதாத் தண்ணீர்த் தொட்டிக்கு அருகே அவள் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். “மன்னித்துவிடுங்கள்” என்றேன். வேறு என்ன சொல்வது? பதினாறு பக்கத்தில் எங்கேயும் இதற்கு வார்த்தை எழுதி வைக்கவில்லை.

அவள் அழவில்லை. கணக்குத் தப்பிப்போனதைச் சொல்கிறமாதிரி சொன்னாள். “டெஸ்ட்டு இருக்குதுன்னாலும் ஒரு வழி வெச்சிருந்தனுங்க. காலைல வந்து, அம்மாவுக்கு முடியலீன்னு சொல்லிப்போட்டு வேலைய உட்டு நின்னுருப்பேன். ரெண்டு மாசங் கழிச்சு வேற பண்ணைக்குப் போயிருப்பேன். நீங்க டெஸ்ட்டு இல்லீன்னு சொன்னதுனாலதானுங்க உக்காந்தேன். இனி எந்தப் பண்ணைக்குப் போறதுங்க? எல்லாப் பண்ணைக்கும் முட்டை லாரி ஒன்னுதானுங்களே.”

பிறகு மணியைக் கேட்டாள். சொன்னேன். “புள்ள நாலரைக்கு ஊட்டுக்கு வந்துருவா. அதுக்குள்ள யாராச்சும் சொல்லிப்போடுவாங்க. நானே மொதல்ல சொல்லிப்போடோணும். வாரேனுங்க” என்று நடந்தாள். என்னைத் திட்டிவிட்டுப் போயிருக்கலாம். அந்த மரியாதையை மட்டும் அவள் குறைக்கவே இல்லை.

வேனில் மணிகண்டன் போட்டோக்களைக் காட்டிக்கொண்டு வந்தார். “இந்த வருஷத்துலயே இதுதான் மேடம் பெஸ்ட் புரோகிராம். அந்தப் பஸ் கதை சொன்னப்ப பாத்தீங்களா, ஒரு சத்தம் இல்ல.” அவர் ஒன்றையும் கவனிக்கவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. கைபேசியில் மூன்றாவது வரிசை தெளிவாக விழுந்திருந்தது. அந்தப் படத்தை அழிக்கச் சொன்னேன். ஏன் என்று கேட்டார். சொன்னால் அவருக்கும் தெரிந்துவிடும். கைபேசியை வாங்கி நானே அழித்தேன்.

இந்தக் கட்டுரையில் அவள் பெயர் இல்லை. பண்ணை எந்த ஊரில் என்பதும் இல்லை. நாலரை மணிக்குள் அவள் வீடு போய்ச் சேர்ந்தாளா என்பது எனக்குத் தெரியாது.